நூலக இணையதளத்தில் மாணவருக்கு ஒரு முகப்பு, பேராசிரியருக்கு ஒரு முகப்பு: எதில் தொடங்குவது, எதைத் தொடவே கூடாது?

#1 பக்கம்தேடி

வணக்கம். பல்கலைக்கழக நூலகத் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்குகிறது. மேலிடத்துக் கோரிக்கை ஒரே வரி: "உள்ளே வந்ததும் அவரவருக்கு ஏற்ற பக்கம் தெரிய வேண்டும்." முன்மொழிவில் இருப்பவை இவை: பெட்டிகளை இழுத்து இடம் மாற்றிக்கொள்ளும் முகப்பு, பிடித்த தரவுத்தளங்களுக்கு நட்சத்திரக் குறி, இரவல் நிலவரம், "உங்களுக்கான பரிந்துரைகள்", பேராசிரியர்களுக்குத் தனி மெனு.

நூல்பட்டியல் கோஹா என்ற நூலக மென்பொருளில் இருக்கிறது, தேடல் வியூஃபைண்ட் என்ற தேடல் மென்பொருளில். வளாகத்துக்கு வெளியிலிருந்து தரவுத்தளங்களில் நுழைய ஈசிப்ராக்ஸி. உள்நுழைவு, பல்கலைக்கழகக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்லும் ஷிபலத் வழியாக. பாடங்கள் மூடில் என்ற பாடத் தளத்தில். ஆள்பலம் ஒன்றரைப் பேர். எந்த வரிசையில் செய்யலாம்?

#2 நிரல்மேசை

இழுத்து மாற்றும் முகப்பை இன்றே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 1990களின் இறுதியில் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் கார்னெலும் 'மைலைப்ரரி' என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தன. வாசகர் தனக்கு வேண்டிய இணைப்புகளைத் தேர்ந்து சொந்தப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம். யோசனை நல்லதுதான். ஆனால் நூலகத் தளத்துக்கு வருகிறவர் ஒரு கட்டுரையைப் பிடுங்கிக்கொண்டு ஓட வருகிறார். அங்கே உட்கார்ந்து வீட்டை அலங்கரிக்க அவருக்கு நேரமில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறப்பவர்கள் சொற்பம். திறந்தவர்களும் ஒருமுறை அடுக்கியதோடு சரி, அடுத்த பருவத்தில் பாடம் மாறினாலும் பழைய இணைப்புகளே கிடக்கும்.

வாசகர் கைவைக்காமலே ஓரளவு சரியாக இருக்கும் பக்கம்தான் இலக்கு. என் வரிசை: முதலில் இரவல் நிலவரப் பெட்டி, அடுத்து பாடம் சார்ந்த இணைப்புகள், பிறகு பேராசிரியர்களுக்கான அறிவிப்புகள். பரிந்துரை கடைசி. அதைச் செய்யாமலே விட்டாலும் குடிமுழுகாது.

இரவல் பெட்டியைக் கட்டும் முறை:

முகப்புப் பக்கம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், கேச்சிலிருந்தே (முன்பே சேமித்து வைத்த நகலிலிருந்தே) போகட்டும். அதற்குள் ஒரு காலிப் பெட்டி. பக்கம் வந்து சேர்ந்த பின் உலாவி தனியாக ஒரு கோரிக்கை அனுப்பி அந்தப் பெட்டியை நிரப்பும். அந்தத் தனிக் கோரிக்கையின் பதிலில் 'கேச்-கன்ட்ரோல்: பிரைவேட், நோ-ஸ்டோர்' தலைப்பு (இதைச் சேமித்து வைக்காதே என்ற கட்டளை) கட்டாயம். இதை விட்டுவிட்டு முழுப் பக்கத்தையும் ஆளுக்கு ஆள் சர்வரில் தயாரித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கேச் பயன்படாமல் தேர்வுக் காலத்தில் தளம் படுத்துவிடும், அல்லது கேச் தவறாக வேலை செய்து ஒருவருடைய பெயரும் அபராதத் தொகையும் அடுத்தவர் திரையில் தெரியும். இரண்டாவது நடந்தால் அதன்பின் யாரும் உள்நுழையமாட்டார்கள்.

உலாவி நேராகக் கோஹாவுடன் பேசக் கூடாது. நடுவில் உங்கள் சர்வரில் ஒரு சிறு நிரல் இருக்க வேண்டும். கோஹாவிடம் பிற நிரல்கள் தகவல் கேட்கும் வாயிலான ரெஸ்ட் ஏபிஐக்கான சாவி அதனிடம்தான் இருக்கும். வாசகர் எண்ணை அந்த நிரல் உள்நுழைவு அமர்விலிருந்து எடுக்க வேண்டும், இணைய முகவரியிலிருந்து எடுக்கவே கூடாது. முகவரியில் எண் இருந்தால் 4021 என்பதை 4022 ஆக்கிப் பக்கத்து ஆளின் இரவலைப் பார்க்கும் மாணவர் முதல் வாரத்திலேயே வந்துவிடுவார்.

காத்திருக்கும் நேரத்துக்கு உச்சவரம்பு 2 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் "நிலவரம் இப்போது கிடைக்கவில்லை, கணக்குப் பக்கத்தில் பாருங்கள்" என்று காட்டுங்கள். இங்கே பலர் சறுக்குவார்கள். ஏபிஐ தோற்றால் நிரலில் வெற்றுப் பட்டியல் வரும், வெற்றுப் பட்டியலின் எண்ணிக்கை 0, திரையில் "நிலுவை: 0". வாசகர் அதை நம்பிப் புத்தகத்தை வைத்துக்கொள்வார், அபராதம் ஏறும். 'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் நிரலில் இரண்டு தனி நிலைகளாக இருக்க வேண்டும்.

#3 துறைநூலகர்

கோஹா இல்லாமல் பழைய பட்டியல் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை: நூலகக் கருவிகள் பட்டியல் மென்பொருளோடு பேசும் சிப்2 நெறிமுறையிலும் இதே தகவல் கிடைக்கும். 63 என்ற செய்தியை அனுப்பினால் 64 திரும்பி வரும். முன்பதிவு, காலம் கடந்தவை, கையிலிருப்பவை ஆகியவற்றின் எண்ணிக்கை அதிலேயே இருக்கிறது. ஆனால் சிப்2 தானாகக் குறியாக்கம் செய்யாது, பெயரும் கடவுச்சொல்லும் பச்சையாகப் போகும். எஸ்டனல் போன்ற குறியாக்கம் செய்யும் மென்பொருள் ஒன்றின் வழியாகவோ விபிஎன்னுக்குள்ளோ மட்டும் ஓட்டுங்கள்.

#4 சாவிக்கொத்து

'பேராசிரியர் மெனு, மாணவர் மெனு' என்று பிரிப்பதற்கு முன் ஷிபலத் என்ன தருகிறது என்று பாருங்கள். ஒருவர் எந்த வகையினர் என்று சொல்லும் எஜுபர்சன் அஃபிலியேஷன் புலத்துக்கு 8 மதிப்புகள் உண்டு: ஃபேகல்டி, ஸ்டூடன்ட், ஸ்டாஃப், அலம் (முன்னாள் மாணவர்), மெம்பர், அஃபிலியேட், எம்ப்ளாயி, லைப்ரரி-வாக்-இன் (நூலகத்துக்கு நேரில் வருபவர்). ஒருவருக்கு ஒன்றுதான் என்று விதியில்லை. வகுப்பெடுக்கும் ஆய்வு மாணவருக்கு ஸ்டூடன்ட், எம்ப்ளாயி, மெம்பர் மூன்றும் வரும். மேற்படிப்பு படிக்கும் அலுவலருக்கும் அப்படியே. வந்த பட்டியலில் முதல் மதிப்பை எடுத்து மெனுவைத் தீர்மானிக்கும் நிரலை அடிக்கடி பார்க்கலாம். மதிப்புகள் வரும் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதே ஆள் காலையில் மாணவராகவும் மாலையில் ஊழியராகவும் தெரிவார்.

தீர்வு எளிது. மெனுவைப் பிரிக்காதீர்கள், மெனு எல்லோருக்கும் ஒன்றே. ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய பெட்டிகளைக் கூட்டிக் காட்டுங்கள். இரண்டு வேடம் போடுகிறவருக்கு இரண்டு பெட்டிகளும் தெரியட்டும்.

அடுத்த கண்ணி, ஆளை அடையாளம் பொருத்துவது. ஷிபலத்தில் வருகிறவரும் கோஹாவில் இருக்கிறவரும் ஒருவர்தான் என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறீர்கள்? மின்னஞ்சல் வேண்டாம், பெயர் மாறினால் அதுவும் மாறும். அட்டை எண்ணும் ஆபத்து, அட்டை தொலைந்தால் புது எண். ஷிபலத் தரும் பயனர் அடையாளமான பிரின்சிபல் நேம் புலம் சில நிறுவனங்களில் ஒருவர் போனபின் இன்னொருவருக்குத் தரப்படும். அப்படி நடந்தால் புதியவர் பழையவரின் சேமிப்புகளைத் திறந்து பார்ப்பார். சேர்க்கையின்போது தரப்படும், எக்காலத்திலும் மாறாத எண் ஒன்று இருந்தால் அதைக் கோஹாவின் பயனர்பெயர் புலத்தில் ஏற்றி, ஷிபலத் அமைப்பிலுள்ள 'மேட்ச்பாயிண்ட்' வரியில் அந்தப் புலத்தைக் குறிப்பிடுங்கள்.

கேட்கும் புலங்களைக் குறைவாகக் கேளுங்கள். துறை, வகை, மாறாத எண், இந்த மூன்றும் போதும். பிறந்த தேதி எதற்கு?

#5 துறைநூலகர்

துறையைக் கொண்டு தரவுத்தளங்களைக் காட்டுவதில் ஒரு விதி: வரிசையை மாற்றலாம், எதையும் மறைக்கக் கூடாது. வரலாற்றுத் துறை மாணவர் கொள்ளைநோய் பற்றி எழுதும்போது மருத்துவத் தரவுத்தளம் வேண்டும். "உங்கள் துறைக்கு" என்று ஐந்தாறு மேலே, அதன் கீழே முழு அகரவரிசை. அவ்வளவுதான்.

உண்மையில் இளநிலை மாணவருக்குத் துறையை விடப் பாடம்தான் முக்கியம். முதலாண்டு மாணவருக்குத் 'தன் துறை' என்ற நினைப்பே இன்னும் வந்திருக்காது. ஆனால் "இந்த வாரக் கட்டுரைக்கு எங்கே தேடுவது" என்பது தெரியவேண்டும். அவர் நூலக முகப்புக்கு வரும்வரை காத்திருப்பதைவிட மூடிலுக்குள் நூலகத்தைக் கொண்டுபோய் வைப்பது மேல். வெளிக் கருவிகளைப் பாடத் தளத்தோடு இணைக்கும் எல்டிஐ 1.3 தரத்தின் வழியாக ஒரு கருவியைப் பதிவு செய்தால், மாணவர் அதை அழுத்தும்போது எந்தப் பாடத்திலிருந்து வருகிறார் என்பது கூடவே வரும். அதைக்கொண்டு அந்தப் பாடத்தின் வழிகாட்டிப் பக்கம், பாடநூல் இருப்பு, பொறுப்பு நூலகர் ஆகியவற்றைக் காட்டலாம்.

சிக்கல் முழுக்கப் பாடக் குறியீட்டில். மாணவர் பதிவேட்டில் 'இயற்301-ஆ-2', மூடிலில் 'இயற் 301 பருவம் 2', நூலக வழிகாட்டியில் 'இயற்-301'. இதற்கு:

இடைவெளி, கோடு, பிரிவு எழுத்து, பருவ எண் எல்லாவற்றையும் உரித்து 'இயற்301' என்று ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று துறைகள் மூன்று குறியீடுகளில் நடத்தும் ஒரே பாடத்துக்குக் கையால் எழுதிய விதிவிலக்குப் பட்டியல் ஒன்று வேண்டும், தப்பிக்க வழியில்லை. பிறகு தேடும் படிகள்: முழுக் குறியீடு பொருந்துகிறதா, இல்லையென்றால் எழுத்துப் பகுதியை மட்டும் கொண்டு துறை வழிகாட்டி, அதுவும் இல்லையென்றால் பல துறைகள் சேர்ந்த புலத்தின் (ஃபேகல்டியின்) பக்கம், கடைசியில் பொதுப் பக்கம். எந்தப் படியிலும் "எதுவும் கிடைக்கவில்லை" என்ற வெற்றுத் திரை வரக் கூடாது.

பொருந்தாமல் போன குறியீடுகளை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், குறியீடு மட்டும், ஆள் வேண்டாம். பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரம் அதைத் தினமும் பார்த்தால் விதிவிலக்குப் பட்டியல் தானாக நிறையும். அந்த வாரங்களில் மாணவர்கள் பாடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பதிவேடு இரவில் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். மூடிலிலிருந்து நேரே வரும் எல்டிஐக்கு அந்தத் தாமதம் இல்லை. பதிவேட்டை நம்பும் முகப்புக்கு உண்டு.

#6 மறதிநல்லது

பரிந்துரை பற்றி யாரும் பேசக் காணோம், நான் ஆரம்பிக்கிறேன். வேண்டாம்.

'இதை எடுத்தவர்கள் இதையும் எடுத்தார்கள்' என்பதற்கு யார் எதை எடுத்தார் என்ற வரலாறு வேண்டும். நூலகம் அந்த வரலாற்றை வைத்திருக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் பழக்கம். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பார்கள். 2006இல் ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பேரின் தேடல் பதிவுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே செய்தியாளர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு துறையில் ஆய்வு மாணவர் மூவர் என்றால், ஒரு நூலை எடுத்தவர் யார் என்று ஊகிக்கக் கணிதம்கூட வேண்டாம்.

கோஹாவில் 'ஓபேக்பிரைவசி' அமைப்பை இயக்கினால் இரவல் வரலாறு எப்போதும் இருக்கலாமா, வழக்கமான காலம்வரை இருக்கலாமா, திருப்பியதும் அழியவேண்டுமா என்பதை வாசகரே தேர்ந்துகொள்ளலாம். அதை இயக்கும் முன் 'பெயரற்ற வாசகர்' என்று ஒரு கணக்கை உருவாக்கி, அதன் எண்ணை 'அனானிமஸ்பேட்ரன்' அமைப்பில் கொடுங்கள். மறந்தால் அழிக்கச் சொன்ன வாசகரின் புத்தகம் மேசைக்குத் திரும்பும்போது பிழை வரும். 'வழக்கமான காலம்' என்பது தானாக நடப்பதல்ல, பெயர் அழிக்கும் நிரலைத் தினசரிக் கிரான் வேலையில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளில்) சேர்த்தால்தான் நடக்கும்.

ஒத்த நூல்களைக் காட்ட வேண்டுமானால் வியூஃபைண்டில் ஏற்கெனவே இருக்கிறது. தலைப்பு, பொருட்சொல், ஆசிரியர் ஆகியவற்றை அதனுள் இருக்கும் தேடுபொறியான சோலர் ஒப்பிட்டுக் காட்டும். நூலை நூலோடு ஒப்பிடுவது, வாசகர் நடுவில் இல்லை.

#7 எண்ணிப்பார்

மறதிநல்லது சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது. ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழக நூலகம் பல ஆண்டு இரவல் தரவிலிருந்து நூல்-நூல் இணைகளைத் தன் பட்டியலில் காட்டியது, 2008இல் திரட்டிய தரவைப் பொதுவில் வெளியிடவும் செய்தது. ஆளின் வரலாற்றை வைத்திருக்காமலே இதைச் செய்யலாம்: இரவில் ஒருமுறை இணைகளை எண்ணி அட்டவணையில் கூட்டிவிட்டு மூலப் பதிவை அழித்துவிடுங்கள். மிஞ்சுவது 'நூல் அ, நூல் ஆ, எத்தனை பேர்' மட்டுமே. அந்த எண்ணிக்கை 10ஐத் தாண்டாத இணையைத் திரையில் காட்டாதீர்கள். மூன்று பேர் துறைக்கும் இதுவே காப்பு.

தனியுரிமையைவிடப் பெரிய தொல்லை வேறு: பரிந்துரையின் தரம். வெறும் எண்ணிக்கையில் வரிசைப்படுத்தினால் எந்த நூலைத் திறந்தாலும் அதே அறிமுகப் பாடநூல்தான் முதலில் நிற்கும், எல்லோரும் எடுப்பது அதைத்தானே. இணையின் எண்ணிக்கையை அந்த நூலின் மொத்த இரவலோடு வகுத்தாவது பாருங்கள், இணை தற்செயலா இல்லையா என்று அளக்கும் லாக்-லைக்லிஹுட் விகிதம் இன்னும் நல்லது. அதன் பின்னும் ஒரே பாடப்பட்டியலில் இருக்கும் நூல்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டே இருக்கும். மாணவர் கையில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது.

#8 மறதிநல்லது

10 பேர் வரம்பு, இரவில் அழிப்பு, இரண்டும் எழுத்தில் கொள்கையாக இருந்தால் சண்டையில்லை. நிரலில் மட்டும் இருந்தால் அடுத்து வருபவர் "ஆய்வுக்குத் தேவை" என்று அழிக்கும் வரியை எடுத்துவிடுவார். காப்புப் பிரதிகளிலும் சர்வர் பதிவுகளிலும் அதே வரலாறு கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈசிப்ராக்ஸி பதிவில் பயனர் பெயரும் முகவரியும் ஒரே வரியில் இருக்கலாம், அதற்கும் அழிக்கும் தேதி வேண்டும்.

இன்னொன்று. எந்த மாணவர் வாசிப்புப் பட்டியலைத் திறந்தார் என்று ஆசிரியருக்குக் காட்டும் வசதியை எவ்வளவு கேட்டாலும் தராதீர்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற மொத்த எண் போதும்.

#9 விசைப்பலகை

அணுகல்தன்மைப் பக்கமிருந்து, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவது பற்றி. இதற்கான உலக வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 3.2.3 விதிப்படி, பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வரும் மெனுவின் வரிசை மாறக் கூடாது, பயனரே மாற்றினால் ஒழிய. ஆகவே "அடிக்கடி பயன்படுத்துவது தானாக மேலே வரும்" மெனு விதிமீறல். திரைவாசிப்பான் வைத்திருப்பவர் "நான்காவது இணைப்பு" என்று பழகியிருப்பார், அதை நாளுக்கொரு இடத்தில் வைத்தால் என்ன செய்வார்? தானாக மாறுகிற எதையும் மெனுவுக்கு வெளியே, தலைப்பிட்ட தனிப் பெட்டியில் வையுங்கள்.

இழுத்து நகர்த்தும் வசதி எங்காவது மிஞ்சினால், 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பின் 2.5.7 விதி இழுக்காமல் ஒற்றைத் தட்டில் செய்ய மாற்றுவழி கேட்கிறது. மேல், கீழ் என்று இரண்டு பொத்தான் போதும். அந்தப் பொத்தான்கள் விசைப்பலகையிலும் இயங்க வேண்டும்.

நிரல்மேசை சொன்ன காலிப் பெட்டிக்கு உயரத்தை முன்பே ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஒரு விநாடி கழித்து அது நிரம்பும்போது பக்கம் கீழே நகரும், அழுத்தப் போன இணைப்புக்குப் பதில் வேறொன்று அழுந்தும். நிரம்பியதைத் திரைவாசிப்பான் அறிவிக்க 'பொலைட்' நிலை போதும், 'அசர்ட்டிவ்' வைத்தால் தேடல் சொல்லைத் தட்டிக்கொண்டிருப்பவரின் காதில் "உங்களிடம் 3 புத்தகங்கள்" என்று குறுக்கே கத்தும்.

#10 பக்கம்தேடி

இழுக்கும் முகப்பு போயிற்று, மெனு பிரிப்பும் போயிற்று. எழுதிக்கொண்டேன். இரண்டு கேள்விகள். ஒன்று, பேராசிரியர்களுக்கு என்று உருப்படியாக என்ன தரலாம்? இரண்டு, மூடிலுக்குள் வைத்த சோதனைக் கருவி குரோமில் சில வேளையும் சஃபாரியில் எப்போதும் "மீண்டும் உள்நுழைக" என்றே சுற்றுகிறது. ஏன்?

#11 சாவிக்கொத்து

இரண்டாவதற்கு: உங்கள் கருவி மூடில் பக்கத்துக்குள் ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்தில்) ஓடுகிறது, உலாவியின் கண்ணில் உள்நுழைவை நினைவில் வைக்கும் உங்கள் குக்கீ மூன்றாம் தரப்பு. குரோம் 80 பதிப்பிலிருந்து, அதாவது 2020இலிருந்து, வேறு தளத்துக்குள்ளிருந்து அனுப்பலாமா என்று சொல்லும் 'சேம்சைட்' குறிப்பிடாத குக்கீயை 'லாக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும், ஐஃப்ரேமில் அனுப்பாது. 'சேம்சைட்=நன்; செக்யூர்' என்று போட்டால் பெரும்பாலும் சரியாகும். சஃபாரி அதே ஆண்டில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் தடுத்துவிட்டது, அங்கே அந்த வரி உதவாது. கருவியைப் புது சன்னலில் திறக்கும்படி மூடில் அமைப்பில் மாற்றுங்கள். ஐஃப்ரேம்தான் வேண்டுமென்றால், எல்டிஐ தரும் கையொப்பமிட்ட டோக்கனிலிருந்தே பாடத்தை எடுத்துப் பொதுத் தகவலை மட்டும் காட்டுங்கள், இரவல் நிலவரத்துக்கு வெளியே இணைப்பு.

#12 துறைநூலகர்

முதல் கேள்விக்கு. பேராசிரியர் நூலக முகப்புக்கு அரிதாகத்தான் வருவார், ஆகவே முகப்பை அழகுபடுத்துவதில் பயனில்லை. அவரிடம் போய்ச் சேர்வது மின்னஞ்சல்தான். "வாசகரின் நேரத்தைச் சேமி" என்று நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இல் எழுதிய நான்காம் விதி இங்கேதான் அப்படியே பொருந்துகிறது.

வியூஃபைண்டில் சேமித்த தேடலுக்குத் தினசரி அல்லது வாராந்தர அறிவிப்பு வைக்கலாம். அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, அறிவிப்பு அனுப்பும் கட்டளையைக் கிரானில் சேர்க்க வேண்டும். கவனம்: எது புதியது என்பதை நூலின் பதிவு முதன்முதலில் தேடல் அட்டவணையில் ஏறிய தேதியை வைத்தே அது முடிவு செய்கிறது. அந்தத் தேதிகளைக் காக்கும் மாற்றக் கண்காணிப்பு அட்டவணையை அழித்துவிட்டு முழு மறு அட்டவணை ஓட்டினால் மொத்தப் பட்டியலும் அன்றைக்குப் புதுவரவாகிவிடும். மறுநாள் காலை பேராசிரியர்களின் அஞ்சல்பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்படி ஓட்ட வேண்டிய நாளில் அறிவிப்புக் கிரானை நிறுத்தி வையுங்கள்.

அதற்கடுத்துப் பயன்படுவது வாங்கப் பரிந்துரைத்த நூலின் நிலை. கோரியது, அனுமதித்தது, வந்தது, ஏன் மறுத்தது. கோஹாவில் இருக்கிற தகவல்தான், எடுத்துக் காட்டினால் போதும். சென்ற பருவத்தில் பாடத்துக்கென ஒதுக்கி வைத்த நூல்களின் பட்டியலை ஒரே அழுத்தில் புதுப் பருவத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழியும் வேண்டும். இது இல்லாததால்தான் ஒவ்வொரு பருவமும் அதே பட்டியல் மின்னஞ்சல் இணைப்பாக வருகிறது.

பேராசிரியர் பெயரில் உதவியாளர் இரவல் எடுக்கும் அதிகாரமும் யோசியுங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் பேராசிரியரின் கடவுச்சொல் உதவியாளரிடம் இருக்கும். அப்போது நீங்கள் காட்டும் 'தனிப்பட்ட' பக்கம் யாருடையது? (அல்மா என்ற நூலக மென்பொருளில் இந்த வசதிக்கும் 'ப்ராக்ஸி' என்றே பெயர். ஈசிப்ராக்ஸி பேச்சோடு கலந்து கூட்டங்களில் நல்ல குழப்பம் வரும்.)

#13 எண்ணிப்பார்

அளக்காமல் தொடங்காதீர்கள். உள்நுழைந்தவர் எண்ணிக்கை எதையும் சொல்லாது, ஈசிப்ராக்ஸி கட்டாயப்படுத்துவதால் அது எப்படியும் ஏறும். பெட்டியைக் கண்டவர்களில் எத்தனை பேர் அதில் எதையாவது அழுத்தினார்கள், துறைவாரி வரிசையில் அழுத்தியவர் எத்தனை, கீழே அகரவரிசைக்கு இறங்கியவர் எத்தனை, இவற்றைப் பாருங்கள். ஒரு துறையில் அகரவரிசைக்கே எல்லோரும் போனால் அந்தத் துறைக்கு நீங்கள் தேர்ந்த ஐந்து தவறு. தள வருகையை அளக்கும் மென்பொருளான மடோமோவை உங்கள் சர்வரிலேயே நிறுவி, ஐபி முகவரியின் கடைசி இரண்டு பகுதிகளை மறைக்கும் அமைப்போடு ஓட்டினால் இவ்வளவும் ஆள் அடையாளமின்றிக் கிடைக்கும்.

#14 விசைப்பலகை

நூலகத்துக்குள் இருக்கும் பொதுக் கணினிகளை யாரும் சொல்லவில்லையே? "வெளியேறு" அழுத்திய பின்னும் ஷிபலத் அமர்வு உயிரோடிருக்கும், அடுத்து உட்காருபவர் "உள்நுழை" அழுத்தினால் முந்தையவரின் பெட்டி திறக்கும்.

#15 சாவிக்கொத்து

ஆமாம், ஓரிடத்தில் வெளியேறினால் எல்லா இடத்திலும் வெளியேற்றும் 'ஒற்றை வெளியேற்றத்தை' நம்ப முடியாது. தளம் தன் அமர்வைத்தான் முடிக்கும், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் அடையாள வழங்கியின் அமர்வு தனி. பொதுக் கணினிகளில் உலாவியை விருந்தினர் நிலையில் மட்டும் திறக்க விடுங்கள். 10 நிமிடம் யாரும் தொடாவிட்டால் உலாவியை மூடித் திறக்கும் நிரல் ஓடட்டும், மூடியதும் குக்கீயும் உள்சேமிப்பும் போய்விடும். அந்தக் கணினிகளின் ஐபி வரம்பு உங்களுக்குத் தெரியும் என்பதால், அங்கிருந்து வரும் கோரிக்கைக்கு அபராதத் தொகையும் நூல் தலைப்பும் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் காட்டலாம். வெளியேறும் பக்கத்தில் "உலாவியையும் மூடுங்கள்" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

#16 பக்கம்தேடி

ஐபி வரம்பு வழி பிடித்திருக்கிறது. இந்த வாரம் இரவல் பெட்டி மட்டும், 2 விநாடி வரம்போடு. பாடக் குறியீட்டு விதிவிலக்குப் பட்டியலைத் துறைநூலகர்களிடம் கேட்டு வாங்கியபின் எல்டிஐ பற்றி இதே இழையில் வருகிறேன்.